பொன்மணியின் போட்டோவைக் கழற்றிய நாள்

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் காலை ஏழு மணிக்கு அடிக்கிற குக்கர் விசிலில் பாதி பொன்மணியுடையது. அவள் இருக்கும் பிளாக்கில் மட்டும் பதினோரு வீட்டுக் குக்கர் அவள் ஜெயித்துக் கொடுத்தது. காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் பொன்மணி குக்கரோடுதான் போவாள். குக்கர் தீர்ந்தபோது சுவர்க் கடிகாரம், அதுவும் தீர்ந்தபோது இஸ்திரிப்பெட்டி. "என்னிக்காவது அவனுங்க பரிசா ஃப்ரிட்ஜ வெச்சிடப் போறானுங்க. அப்பால நாம மொட்டை மாடிலதான் படுக்கணும்" என்று புருஷன் சக்திவேல் நிஜமாகவே பயந்துகொண்டிருந்தான்.

இவ்வளவும் வந்த இடம் தி. நகரில் ஒரு கடை வளாகத்தின் நாலாவது மாடியில் இருக்கும் கேம் சென்டர். அதே வளாகத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் மெஷின் போட்டு, இருபது வருஷமாகச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள் பொன்மணி. அவள் தைத்த ஃபால்ஸை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் ஒரு முனையைப் பாண்டி பஜாரில் கட்டி, மிச்சத்தை மெரினாவில் காயப்போடலாம்.

மேலே ஒரு விளக்கு மெஷின் இருந்தது. வட்டமாக முப்பத்திரண்டு பல்பு. வெளிச்சம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பு பல்புக்கு அது வரும் நொடியில் பட்டனை அடித்து நிறுத்தினால் பெரிய பரிசு. ஜிம்முக்குப் போகிற பையன்கள் கண்ணை வெளியே தள்ளிக்கொண்டு அடித்துத் தோற்றுப்போவார்கள். பொன்மணி தையல் மெஷின் மிதிப்பது மாதிரி வலது காலைத் தரையில் தட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். நாலு தட்டு, அஞ்சு தட்டு, பட். சிவப்பு.

பரிசுக் கவுன்ட்டரில் வேலை செய்யும் சகினா ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். "எப்டிக்கா?"

"கண்ணால பாத்தா லேட்டாயிடும். காலால பாக்கணும்."

மேனேஜர் வெங்கடேஷ் முதலில் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தான். பிறகு மெஷினின் வேகத்தைக் கூட்டினான். பொன்மணியின் காலும் வேகமாகத் தட்டியது. கடைசியில் கேமராவில் பதிவான அவள் படத்தை எடுத்து, கவுன்ட்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டான். தலையில் மல்லிகை, கையில் குக்கர், வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே ஒரு வரி: 'இவருக்கு டோக்கன் கொடுக்கக் கூடாது.'

வேறு யாராவது என்றால் அவமானத்தில் தி. நகரையே காலி செய்திருப்பார்கள். பொன்மணி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேரை லிஃப்ட்டில் மூன்று நடையாக ஏற்றிக்கொண்டு போய் அதைக் காட்டினாள். "கொஞ்சம் பெரிசா போட்ருக்கலாம்" என்று வெங்கடேஷிடம் குறையும் சொன்னாள். அவள் கல்யாண போட்டோவைக்கூட இத்தனை பேர் பார்த்ததில்லை. அன்றிலிருந்து வளாகம் முழுக்க அவள் பெயர் 'போட்டோ அக்கா'. சேலையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, முடிகிறவரை மேலே போய் போட்டோவைப் பார்த்துவிட்டு வரும் கஸ்டமர்கள் உண்டு. ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சகினா டீயோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, மேல எல்லாம் புச்சு பண்ணிட்டாங்க. பாத்தியா?"

"எங்கடி பாத்தேன்? ஒரு மாசமா அந்தத் தூசியெல்லாம் என் தலைலதான கொட்டிக்கினு கீது."

"உன் போட்டோவ எட்த்துட்டாங்கக்கா. இனிமே நீ வந்து ஆடலாமாம். சாரே சொன்னாரு."

பொன்மணியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. ஊசி துணிக்குள் பாதியில் நின்றது.

"இன்னாத்துக்கு எட்த்தாங்க?"

"தெர்லக்கா."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று புரிந்தது. சந்தோஷத்தைத்தான் காணோம். டீயைக் குடித்து முடித்தாள். சூடாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பிறகு ஒரு கணக்குப் போட்டாள். இன்றைக்கே நாலு பெரிய பரிசு அடித்தால், சாயங்காலத்துக்குள் வெங்கடேஷ் அலறியடித்துக்கொண்டு போட்டோவை மறுபடி ஒட்டிவிடுவான். இருபது வருஷத்தில் முதல் முறையாக ஒரு சேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் படி ஏறினாள்.

மேலே அவளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. வளையம் எறியும் மேஜை இல்லை, துப்பாக்கி இல்லை, பந்து போடும் கூடை இல்லை. ஆள் உயரச் சக்கரங்கள் தானாகச் சுற்றி, தானாகப் பாடி, தானாகவே கைதட்டிக்கொண்டன. ஜனங்கள் டோக்கனுக்குப் பதில் கார்டைத் தேய்த்துவிட்டு வாய் பார்த்தார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் சுவர் ஊதாவாக இருந்தது. போட்டோ இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

மூலையில் விளக்கு மெஷின் மட்டும் இருந்தது. புது ஸ்டிக்கர், அதே முப்பத்திரண்டு பல்பு. பொன்மணி கார்டு வாங்கித் தேய்த்தாள். கால் தட்டியது. நாலு, அஞ்சு, பட்.

வெளிச்சம் சிவப்பில் நின்றது, நின்ற மாதிரி இருந்தது, மெல்ல அடுத்த பல்புக்கு நகர்ந்தது.

இன்னொரு முறை அடித்தாள். மறுபடி ஒரு பல்பு தள்ளி நின்றது. வயசாகிவிட்டது, கை தாமதம் என்று நினைத்து ஒரு நூல் முன்னதாக அடித்தாள். இப்போது ஒரு பல்பு முன்னாலேயே நின்றது. ஏழு முறை அடித்தாள். ஏழு முறையும் அது சிவப்புக்குப் பக்கத்து வீடு வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனது.

"நவ்ருங்கக்கா" என்று ஒரு ஆள் வந்தான். போனில் யாரிடமோ ஈக்காட்டுத்தாங்கலில் லாரி மாட்டிக்கொண்டதைப் பற்றிக் கத்திக்கொண்டே கார்டைத் தேய்த்துவிட்டு, முழங்கையைப் பட்டன் மேல் ஊன்றிக்கொண்டான். மெஷின் தீபாவளி கொண்டாடியது. சிவப்பு. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லாரிய ரிவர்ஸ்ல எட்றா டேய்!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தான்.

வெங்கடேஷ் சிரித்துக்கொண்டே வந்தான். "வாங்கக்கா! நீங்க ஆடி எத்தினி வருஷமாச்சு!"

"வெங்கடேசு, நெசத்த சொல்லு. என் கை தப்பா, மெஷின் தப்பா?"

"ரெண்டும் இல்லக்கா. இதுக்குக் கை எதுக்கு? எத்தினி பேருக்கு ஒருவாட்டி குடுக்கணும்னு உள்ளயே செட் பண்ணிக் கீது. நீங்க அடிச்சாலும் ஒண்ணுதான், குழந்த அடிச்சாலும் ஒண்ணுதான்."

"அப்ப பட்டன் எதுக்கு வெச்ச?"

"சும்மாக்கா. ஜனங்களுக்கு எதனா அமுக்கணும்ல."

"எம்போட்டோ?"

"இனிமே அது எதுக்குக்கா? யாரு வந்தாலும் நமக்குப் பயம் இல்லையே." அவன் பிரியமாகத்தான் சொன்னான். "பெயின்ட் அடிக்கிறவங்க குப்பையோட எட்த்துனு போய்ட்டாங்க. மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா எட்த்து வெச்சிருப்பேன். இந்தாங்க, அம்பது ஆட்டம் ஃப்ரீ. பழைய கஸ்டமர்னு."

தங்க நிறக் கார்டு ஒன்றை அவள் கையில் வைத்தான். கோபம் வரும் என்று பொன்மணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி இருந்தது உடம்பு. தன்னுடையதுதான், ஆனால் கிள்ளினாலும் தெரியாது. சகினா எதிரில் நின்று "அக்கா, அக்கா" என்றாள். "ஒண்ணுமில்லடி, சேல பாதில கீது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் காத்திருந்தாள். "போட்டோ அக்கான்றது நீங்கதானே? முடியறவரைக்கும் மேல போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"போட்டோ இல்லம்மா, எட்த்துட்டாங்க. உக்காருங்க, பத்து நிமிஷம்."

ஃபால்ஸின் ஓரத்தை மடித்தாள். எப்போதும் நகத்தால்தான் நீவுவாள். அன்றைக்கு மடிமேல் கிடந்த தங்கக் கார்டை எடுத்து மடிப்பின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். கோடு போட்ட மாதிரி விழுந்தது. அடுத்த முழத்துக்கும் அதையே எடுத்தாள். கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது.

கார்டு இன்றைக்கும் மெஷின் டப்பாவில், சாக்பீஸ் துண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்பது ஆட்டமும் அப்படியே இருக்கிறது.