அடைக்காயி கழுவிய ட்யூபுகள்

அடைக்காயி போய்விட்டார். வல்லத்திராக்கோட்டையில்... இன்று காலையில். அவர் மகன் மெசஞ்சரில் ஒரே வரி அனுப்பியிருந்தார். "அம்மா தவறிட்டாங்க டாக்டர் சார்."

அப்போதிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தொண்ணூற்று மூன்று வயது, ஒற்றை விரலால்தான் டைப் அடிக்க வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. சமஸ்தானம் முடியப்போகிற கடைசி வருஷங்களில், புதுக்கோட்டையில் என் பொறுப்பில் இருந்த சின்ன லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை அவருக்கு.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அந்த வயதில் லேப் இன்சார்ஜ்! நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மாட்டு நோயைக் கண்டுபிடிக்கிற மருந்து தயாரிக்கும் லேப் அது. சினை மாடு மாதம் நிறையும் முன்பே கன்று வீசிவிடும் நோய் ஒன்று உண்டு. மாட்டு ரத்தத்திலிருந்து தெளிந்த நீரோடு எங்கள் மருந்தைக் கலந்து வைத்தால், நோய் இருந்தால் திரிந்துவிடும். இல்லாவிட்டால் கலங்கலாகவே இருக்கும். அவ்வளவுதான் டெஸ்ட்.

அடைக்காயி ட்யூப் கழுவுவதைப் பார்க்க வேண்டும்... சோப்பு, கிணற்றுத் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடிப்பார்.

"உள்ள ஒரு சொட்டுக்கூட ஒட்டி நிக்கக் கூடாதுங்கய்யா. நின்னுச்சுன்னா அழுக்கு இருக்குன்னு அர்த்தம்." யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவராகவே கண்டுபிடித்தது.

வாயும் கொஞ்சநஞ்சமில்லை. மாட்டிடம் ரத்தம் எடுக்க நான் தயங்கி நின்றால் போதும். "மாட்டு டாக்டரே மாட்டைக் கண்டு பயந்தா, மாடு யாருகிட்டங்கய்யா போகும்?" என்று கேட்டுவிட்டு, அவரே வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பார்.

அந்த வருஷம் லேபை மெட்ராஸ் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு. வேலையை வேகமாக முடித்துக் காட்டினால் போஸ்டிங் நிச்சயம் என்று எனக்கு ஒரு கணக்கு.

ஒவ்வொரு பேட்சையும் அனுப்பும் முன் வெறும் உப்புத் தண்ணீரில் கலந்து ஒரு ட்யூப் வைக்க வேண்டும். அதில் திரியவே கூடாது. வைத்தேன்... பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கழுவ எடுத்த அடைக்காயி அந்த ட்யூபோடு என் மேஜைக்கு வந்தார். "டாக்டரய்யா, இது வெறும் உப்புத் தண்ணிதானுங்களே... இதுலயும் திரிஞ்சு கெடக்கு."

"நீ ஒழுங்கா கழுவியிருக்க மாட்டே. போ, போய் வேலையைப் பாரு" என்றேன்.

அவர் போகவில்லை. "இல்லீங்கய்யா, வேற ட்யூப்புல ஒருக்கா வச்சுப் பாருங்க." நான் நிமிரக்கூட இல்லை. மருந்து பாட்டில்களும் அடைக்காயி கழுவிய ட்யூபுகளும் அன்றைக்கே ஆலங்குடிக்கு வண்டி ஏறிவிட்டன.

அங்கே டெஸ்ட் செய்த மாடு அத்தனைக்கும் நோய் என்று வந்தது. ஒரு குடியானவர் தன் மூன்று மாடுகளை அடிமாட்டுக்கு ஓட்டிக்கொண்டு எங்கள் லேப் வாசல் வழியாகத்தான் போனார். அதில் இரண்டு சினை. அடைக்காயியும் நானும் நின்று பார்த்தோம்.

அன்று மதியம்தான் கதவைச் சாத்திக்கொண்டு, புத்தம்புது ட்யூபில் உப்புத் தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்தேன். திரிந்தது. மருந்து செய்வதற்காக நான் வளர்த்த கிருமியே கெட்டுப்போயிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. எல்லா மாட்டுக்குமா நோய் என்று சந்தேகப்பட்டு விசாரணைக்கு வந்த மேலதிகாரியிடம், ட்யூப் சரியாகக் கழுவப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அடைக்காயியை என் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டார். "ட்யூப்பை ஒழுங்கா கழுவினியா?"

"கழுவுனேங்க. டாக்டரய்யாவுக்குத் தெரியும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் மேஜை மேலிருந்த ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தொட்டியில் கிடந்த மிச்ச ட்யூபுகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எனக்குப் போஸ்டிங் கிடைத்தது. பிரமோஷன், பென்ஷன், எல்லாம் கிடைத்தது. சீ... என்ன பிழைப்பு.

பத்து வருஷம் முன்பு புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவர்தான் அடையாளம் கண்டு வந்தார். "நான் வேலை பாத்த ஆபீஸ் டாக்டரு" என்று மகனிடம் பெருமையாக அறிமுகப்படுத்தினார். பெருமையாக!

கிளம்பும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அய்யா, அந்த மூணு மாட்டுக்கும் நெசமாவே நோவு இருந்துச்சுங்களா? இல்ல... நான் கழுவுனதுலதான் கொறை இருந்து, என் கையாலதான் அதுக போச்சா? இத்தனை வருசமா மனசு அரிச்சுக்கிட்டே கெடக்கு."

தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ரொம்ப நாளாச்சு அடைக்காயி, ஞாபகம் இல்லை" என்றேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. பாவி, அப்போதும் பொய்தான் சொன்னேன்.

"சரிங்கய்யா. பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி, சாயங்காலம்தான் எடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் இந்தப் பதிவு கண்ணில் பட்டால், அம்மா காதோரம் இதை மட்டும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

அந்த மூன்று மாட்டுக்கும் நோய் இல்லை. ட்யூப் சுத்தமாக இருந்தது. கெட்டது நான் செய்த மருந்து. உங்கள் கையால் எதுவும் போகவில்லை.

போய் வாங்க, அடைக்காயி...