பத்து நிமிஷம்

என் அக்கா வீட்டுக்காரரின் குரலைத் தினமும் ஐம்பதாயிரம் பேர் கேட்கிறார்கள். அந்த ஐம்பதாயிரம் பேரும் அவரைத் திட்டுகிறார்கள். ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலை அப்படி. கடைசி ஸ்டேஷனில் மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, தலைக்கு மேல் ஆடும் மின்விசிறி, சிவப்பு விளக்கு வைத்த மைக். அத்தான் அங்கே உட்கார்ந்து பேசினால் பதினோரு ஸ்டேஷனிலும் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பேசுகிறார். அந்த வழியில் போகிறவர்கள் யாருக்கும் அவர் முகம் தெரியாது, ஆனால் 'பத்து நிமிஷம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

தண்டவாளத்தில் எது நடந்தாலும் அத்தான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தவிர்க்க முடியாத காரணத்தால் வண்டி சுமார் பத்து நிமிடம் தாமதமாக வரும்." மாடு குறுக்கே படுத்தால் பத்து நிமிடம். சிக்னல் செத்தால் பத்து நிமிடம். ஒரு மழைக்குப் பாலத்தடியில் மண் சரிந்து மூன்று நாள் ரயிலே ஓடவில்லை. அதற்கும் முதல் நாள் காலையில் பத்து நிமிடம்தான். பத்து முடிந்தால் இன்னொரு பத்து. குரல் மட்டும் தேனாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "ஏன் அத்தான், உங்க வாயில இருபதே வராதா?"

"வந்துச்சே. வேலைக்குச் சேந்த புதுசுல நாப்பது நிமிஷம்னு உண்மையச் சொன்னேன். ஜனங்க கல்லெறிஞ்சு ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் கண்ணாடி மொத்தமும் நொறுங்குச்சு, எனக்கு மெமோ வந்துச்சு. பத்துன்னு சொல்லிப் பாரு, ஜனங்க கடியாரத்தப் பாத்துக்கிட்டு அமைதியா நிப்பாங்க. கோவம் வர்றதுக்குள்ள அடுத்த பத்தச் சொல்லிடலாம்."

என்ன ஒரு ஞானம். இதற்கு ஒரு சிலை வைக்கலாம்.

வீட்டில் இதே மனிதர் அரிச்சந்திரனுக்கு அண்ணன். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றுவார். பல் வலி என்று பொய் சொல்லி லீவு போடத் தெரியாது. அவருடைய பத்து நிமிஷப் பெருமையெல்லாம் வாசலுக்கு வெளியேதான். நானும் அக்கா முன்னால் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். அவள் புருஷனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அவர்களுக்கு ஒரே பெண். நாலு வருஷம் வெளியூர் விடுதியில் தங்கி, ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்பு முடித்து இரண்டு மாதம் முன்புதான் வீடு திரும்பியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலைக்கு முந்நூறு பேர் மனுப்போட்டு, ஐந்து பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் இவள் ஒருத்தி. காலை பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வீடே ஒரு மாதம் அந்தக் கடிதத்தைச் சுற்றித்தான் ஓடியது.

"ஏழு நாப்பது வண்டியப் பிடிச்சிடு, ஒன்பதுக்கெல்லாம் வாசல்ல நிப்ப" என்று சொல்லிவிட்டு அத்தான் விடியற்காலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டார். ஏழு மணிக்குத் திறக்க வேண்டிய ஜெராக்ஸ் கடைக்காரன் மகாராஜா மாதிரி எட்டு மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்கினான். சான்றிதழ் நகல்களோடு அவள் பிளாட்பாரம் போய்ச் சேர்ந்தபோது அடுத்த வண்டி எட்டரைக்கு.

எட்டு இருபதுக்கு ஒரு லாரி லெவல் கிராசிங்கில் கவிழ்ந்தது. அதிலிருந்த இரும்புத் தகடுகள் மேலே போகும் மின்கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்தன. சரிசெய்ய இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அத்தானுக்குச் சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பதினோரு ஸ்டேஷனுக்கும் அறிவித்தார். பத்து நிமிடம். என் ஸ்டேஷனில் நான் அதைக் கேட்டேன், வழக்கம்போல இறங்கிப்போய் பஸ் பிடித்தேன்.

ஒன்பது மணிவாக்கில் அக்கா தன் பெண்ணுக்குப் போன் செய்திருக்கிறாள். ஆட்டோவில் போய்விடேன் என்றதற்கு, "அப்பாவே பத்து நிமிஷம்னு சொல்றாரும்மா. அதுக்குள்ள ஆட்டோக்கு எதுக்கு அலையணும்? சார்ஜ் போயிடும், போன அணைச்சு வைக்கிறேன்" என்று பதில். அக்கா நிம்மதியாகத்தான் அறிவிப்பு அறைக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அவ ஏழு நாப்பத விட்டுட்டா. இப்ப நம்ம ஸ்டேஷன்லதான் நிக்கிறா. நீங்க சொன்ன பத்து நிமிஷத்துல வந்திடும்ல?"

அத்தான் அப்போது ஐந்தாவது பத்தைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தார். ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு மைக்கைத் திறந்தார்.

"வண்டி வராது. லாரி கவுந்து கம்பி அறுந்து கெடக்கு. ரெண்டு மணி நேரம் ஆகும். யாரும் நிக்காதீங்க, ஆட்டோ பிடிங்க. கிளம்பும்மா. தயவுசெஞ்சு கிளம்பும்மா."

அவள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். ரயிலை நம்பாதவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சாலையில் இருந்தார்கள். நெரிசலில் மாட்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பத்து இருபத்தைந்து. காவலாளி கடிதத்தை வாங்கித் தடித்த எழுத்தை அவளுக்கே படித்துக் காட்டினான்.

அத்தானுக்கு மத்தியானமே மெமோ வந்துவிட்டது. அனுமதித்த வாசகத்தைத் தவிர வேறு பேசினாராம். உண்மை பேசினால் மெமோ கொடுப்பதில் ரயில்வேக்காரர்கள் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை.

சாயங்காலம் நான் போனபோது அழுது முடித்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அக்காவின் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். ஊருக்கெல்லாம் சொன்னேன், இந்த ஒருத்தியிடம் சொல்லவில்லை.

அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்தார். "நீ அங்க நிக்கிறேன்னு தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன்மா. பாவம், மத்தவங்களும் உன்ன மாதிரிதான் காத்துக்கிட்டு நின்னிருப்பாங்க."

"இல்லப்பா. நீங்க முதல் தடவை சொன்னதுமே எல்லாரும் போயிட்டாங்க. பிளாட்பாரத்துல நான் ஒருத்திதான். ஒரு அம்மா மட்டும் திரும்பி வந்து, 'வாம்மா, என்கூட ஆட்டோல வா, இந்தாளு எப்பவும் இப்படித்தான் சொல்வான்'னு கையப் பிடிச்சு இழுத்தாங்க. அவர் எங்கப்பா, பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லி அவங்கள அனுப்பி வச்சேன்."