நடுத்தெருவில் கற்பகவல்லி

கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைச் சைக்கிள் கேரியரில் இறுக்கிக்கொண்டிருந்தாள் கற்பகவல்லி. கட்டியது ஓர் அட்டைப்பெட்டி. நான்கு பக்கமும் சிவப்பில் 'வெடிபொருள். நெருங்காதே' என்று அச்சாகியிருந்தது. உள்ளே ரசம் சோறும் ஒரு மாற்றுச் சேலையும்.

திருத்தங்கலில், பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் ஒட்டுகிற வேலை அவளுக்கு. எழுத்து விலகி அச்சானதைக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

ரயில்வே கேட் அடைத்தால் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் அவள் தெருவுக்குள் புகுந்து குறுக்கே ஓடும். தெருவின் அகலம், ஒரு வேனும் சுவரோடு ஒட்டி நிற்கும் ஓர் ஆளும். ஆனி மாதம் ஒரு வேன் அவள் மகள் சினேகாவைச் சைக்கிளோடு அந்தச் சுவரில் தேய்த்துவிட்டுப் போனது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு கற்பகவல்லி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றுகொண்டுதான். ஹாரன் கேட்டால் பிசைந்த கையோடு வாசலுக்குப் போய்விடுவாள். "ஏலே, பையப் போலே! தெருவ ஒங்களுக்குப் பட்டா போட்டா குடுத்திருக்கு?" வேகத்தடை கேட்டு மூன்று மனு கொடுத்தாள். அளவெடுக்க ஆள் வரும் என்றார்கள். வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஸ் டேப்பைக் கொண்டுவந்து அவளே அளந்து எழுதிக் கொடுத்தாள். "நீங்களா அளந்தா செல்லாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி கட்டிய முதல் நாளே, பின்னால் வந்த வேன் பத்தடி தள்ளி ஊர்ந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை.

"இம்புட்டு நாளா நான் மனுசின்னு ஒருத்தனுக்கும் தெரியல. வெடிமருந்துன்னதும் மரியாதையப் பாத்தீகளா!" என்று பிரஸ்ஸில் சொல்லிச் சிரித்தாள்.

சினேகாவுக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். நடந்தால்தான் கால் வலிக்கும், சைக்கிள் மிதிப்பது நல்லது, திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் என்ன லோடாம்மா? வெடி வருதுன்னு கிளாஸ்ல ஓடுவாளுக."

"ஓடட்டும். வேனும் தள்ளி ஓடும்லா."

வெள்ளிக்கிழமை முக்குத் திரும்பும்போது கயிறு நழுவிப் பெட்டி நடுத்தெருவில் விழுந்தது. பின்னால் வந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே பெண்கள் அலறினார்கள். டிரைவர் ஜெயபாண்டி குதித்து இருபதடி ஓடி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்தினான். பெட்டியிலிருந்து ரசம் கசிந்து ஓடியது.

"எக்கா, ஒங்க வெடி புளிக்குதே!" வேனுக்குள்ளிருந்து ஒருத்தி சொல்ல, அலறியவர்கள் சிரித்தார்கள்.

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. எழுந்து அவளிடம் வந்தான். "எங்க அண்ணன் மருந்துலதான்க்கா போனான். இதுலயா வெளையாடுதீக?"

அன்று சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் கிழித்து அடுப்பில் போட்டாள்.

திங்கட்கிழமையும் கேட் அடைத்திருந்தது. சினேகாவைச் சுவரோரமாக முன்னால் மிதிக்கவிட்டு இவள் பின்னால் போனாள். முதுகில் ஹாரன் விழுந்தது. இறங்கினாள். சைக்கிளை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டு நடந்தாள். ஜெயபாண்டியின் வேன்தான். அதன் பின்னால் இன்னும் நாலு.

கம்பெனி வேலைக்குப் போகிற குருவம்மாள் வேன் ஜன்னலில் தலையை நீட்டினாள். "எக்கா, எட்டரை தாண்டுனா உள்ள விட மாட்டாக. சீசன் நேரம். எங்க பொழப்பக் கெடுக்காதீக!"

"வராதீகன்னு சொல்லல தாயி. எம் பின்னால வாங்கன்னுதான் சொல்லுதேன்."

வேன் முன்னால் நகர்ந்து அவளுடைய பின் சக்கரத்தைத் தொட்டது. சைக்கிள் ஒரு துள்ளு துள்ளியது. சினேகா காலை ஊன்றித் திரும்பினாள்.

"திரும்பாத. மிதி" என்றாள் கற்பகவல்லி. ஹேண்டில்பாரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதே நடை நடந்தாள்.

அன்று குருவம்மாளோடு ஒன்பது பேர் கம்பெனி வாசலிலிருந்து திரும்பினார்கள். குருவம்மாள் நேராக இவள் வீட்டுக்கு வந்தாள்.

"ஒங்க மக பத்திரமாப் போயிட்டா. எங்களுக்கு?"

கற்பகவல்லி வாசலுக்கும் அடுப்புக்குமாக இரண்டு தடவை நடந்தாள். "தப்புதான். ஆனா நாளைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். கால் மணி முன்ன வரச் சொல்லு அந்த டிரைவர."

"அப்ப நாங்க எப்ப எந்திரிக்க, எப்பச் சோறு பொங்க?"

"எனக்கும் அதே பொழுதுதான் தாயி."

குருவம்மாள் படியிறங்கி ஜெயபாண்டி வீட்டுப் பக்கமாக நடந்தாள்.

மறுநாள் வேன் கால் மணி முன்னதாக வந்தது. சினேகா சைக்கிளை வாசலிலிருந்து இறக்கும்வரை முக்கில் நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேன் மெதுவாகப் பின்னால் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கற்பகவல்லி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சைக்கிளிலிருந்து இறங்கி, நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு போனாள்.