பௌர்ணமியில் ஆளில்லாத பாதை

இது நடந்தது. எதையும் ஒன்றுக்குப் பத்தாக்கிச் சொல்கிற ஆள் நான் என்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் கூட்டிச் சொல்லப்போவது கூட்டத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் உள்ளபடி. முக்கியமாக நேரம். நேரத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆகும்வரை அரசு பஸ்ஸில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது உள்ளே, எப்போது வெளியே... அதுதான் என் பிழைப்பு.

பேர் சக்கரவர்த்தி. வயசு அறுபத்து நாலு. ரிட்டயர் ஆனதும் வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு மலையைப் படம் எடுக்கக் கிளம்பினேன். முதல் வருஷம் மட்டும் ஒரு லட்சம் படம் எடுத்திருப்பேன். என் மனைவி ராணியம்மாளைக் கேட்டால் நாலாயிரம் என்பாள். மேகத்தோடு மலை, கோபுரத்தோடு மலை, ஏரித் தண்ணீரில் தலைகீழாக மலை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அறிவுமதியிடம் போனேன். செங்கம் ரோட்டில், படங்களை மாட்டிக் கண்காட்சி வைக்கிற சின்னப் படக்கூடம் ஒன்று வைத்திருக்கிற பெண். மகள் வயசுதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மலை உங்களுக்கு போஸ் குடுத்திருக்கு சார்," என்றாள். "பாவம், அதுவும் எவ்ளோ நேரம்தான் சிரிச்ச மூஞ்சியாவே இருக்கும்?"

அன்றிரவு நான் சாப்பிடவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆறு இட்லி சாப்பிட்டேன். ருசி மட்டும் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடி கையில் கிடைத்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சாமான். அதை மாட்டினால் வெளிச்சத்தில்கூட கேமராவின் கண்ணை நாலு நிமிஷம் திறந்தே வைக்கலாம். அந்த நாலு நிமிஷத்தில் அசைகிறதெல்லாம் படத்தில் அழிந்துபோகும். அசையாமல் நிற்பது மட்டும் விழும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனது. சாயங்காலக் கூட்டம். நாலு நிமிஷம் திறந்து வைத்தேன். படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. பயணிகள், கண்டக்டர், பூக்காரம்மா, யாரும் இல்லை. நேரத்துக்குக் கிளம்பாத மூன்று வண்டிகள் மட்டும் அச்சடித்த மாதிரி நின்றன. இத்தனை வருஷம் என் காதில் கத்தின ஜனத்தை ஒரு கண்ணாடித் துண்டு துடைத்துவிட்டது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்டதும் வாய்க்குள் ஒரு மரப்பு வருமே... அந்த மாதிரி உள்ளே ஓர் அமைதி.

அந்தப் படத்தை அறிவுமதி ரொம்ப நேரம் பார்த்தாள். இதுதான் சார் உங்க படம் என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றுகிற பௌர்ணமியன்று, ஒரே ஒரு ஆள்கூட இல்லாத கிரிவலப் பாதையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டேன். அவள் வைக்கப்போகிற கண்காட்சியில் எட்டடிச் சுவர் ஒன்றை எனக்காக விட்டு வைத்தாள். ஆவணிப் பௌர்ணமிக்குள் படம் வரவில்லையென்றால் அந்தச் சுவர் பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்குப் போய்விடும். எனக்கு அந்தச் சுவர் வேண்டும். அதில் என் பேர் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆவணிப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி, ரோடு வளைகிற இடம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலை எப்போதும் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கும்படிதான் சுற்ற வேண்டும். ரோட்டில் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களுக்கு. அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பார்களாம். நான் கேமரா ஸ்டாண்டை அந்த ஓரத்தில்தான் நட்டேன். அங்கிருந்துதான் ரோடு வில் மாதிரி வளைந்து மலைக்குள் போவது தெரிந்தது.

"இன்னாத்துக்கு அந்தாண்ட போய் நிக்கறீங்க?" என்றாள் ராணியம்மாள். என் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அது அவங்க போற வழி."

"அவங்கதான் கண்ணுக்கே தெரியமாட்டாங்களே. படத்துக்குத் தொந்தரவு இல்ல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

ஜனம் ஒரு கோடி இருக்கும். சரி, லட்சம். எல்லார் முதுகும் கேமராவுக்கு. எல்லாரும் என்னைத் தாண்டி முன்னால் போகிறவர்கள். காலேஜ் பெண் ஒருத்தி நடந்துகொண்டே, எங்களையும் ஒண்ணு எடு தாத்தா, இன்ஸ்டால வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள். கூடவந்தவள், தாத்தாவே இன்னும் இன்ஸ்டாக்கு வரலடி என்றாள்.

5.38க்கு முதல் படம். பலூன்காரர் ஸ்டாண்டில் கால் தடுக்கினார். படம் பாழ்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு படத்துக்குத்தான் நேரம்.

5.52க்கு இரண்டாவது படம். பட்டனை அழுத்தினேன்.

முதல் நிமிஷம் ஒன்றும் இல்லை. வெறுங்கால்கள் ரோட்டில் தேய்கிற சத்தம். சரக்... சரக்... நடுநடுவே அரோகரா.

இரண்டாவது நிமிஷம் சத்தம் கம்மியானது. யாரோ ரேடியோவைத் திருகிக் குறைக்கிற மாதிரி. கூட்டம் போய்க்கொண்டுதான் இருந்தது. வாய்கள் அசைந்தன. எனக்குத்தான் கேட்கவில்லை.

கற்பூர வாசனை போய் வேறொரு வாசனை வந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தடவுவார்களே... அந்த ஸ்பிரிட் வாசனை.

அப்புறம் ஒரு சத்தம். பீ... என்று. மெல்லிசாக. விடாமல்.

கேமரா சத்தம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அதன் சத்தத்தை நான் என்றைக்கோ நிறுத்தி வைத்திருந்தேன்.

இடது கை மரத்தது. விரல்கள். மணிக்கட்டு. முழங்கை.

பயம் வரவில்லை. அதுதான் விசித்திரம். பயப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. பயப்படுகிற பாகம் வேலை செய்யவில்லை.

5.56. கேமரா கண்ணை மூடியது.

பீ... நின்றது. அரோகரா என்று காதுக்குள் வந்து விழுந்தது.

"கூப்ட்டா காது கேக்காதா?" என்றாள் ராணியம்மாள். மூன்று தடவை கூப்பிட்டாளாம். எதுக்கு என்றேன். குளிருது என்றாள். ஆவணி மாசம், நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தார் ரோடு. அதில் உட்கார்ந்துகொண்டு முந்தானையால் போர்த்தியிருந்தாள்.

என் கேமரா எடுத்ததை உடனே காட்டாது. எடுத்த அளவுக்கு இன்னொரு நாலு நிமிஷம் உட்கார்ந்து படத்தைச் சுத்தம் செய்யும். 6.00க்குத் திரையில் படம் வந்தது.

ஜனம் இல்லை. துடைத்துவிட்ட ரோடு. மேலே மலை. நான் கனவு கண்ட படம்.

ஒரு ஆள் மட்டும் நின்றார்.

மலையை ஒட்டிய ஓரத்தில். பச்சை அங்கி. வெறுங்கால். பெரிசாக்கிப் பார்த்தேன். மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. கொஞ்சம்கூடக் கலங்கல் இல்லை. உயிருள்ள எவனாலும் நாலு நிமிஷம் அப்படி நிற்க முடியாது. மூச்சு விட்டாலே நெஞ்சு கலங்கலாக விழும்.

எல்லாரும் முதுகு காட்டிப் போகிற ரோட்டில் அவர் மட்டும் முகத்தைக் காட்டி நின்றார். என்னைப் பார்த்து.

நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தேன். சுக்குக்காப்பி விற்கிற சைக்கிள்காரர் இருந்தார். போய்க் கேட்டேன். இங்க யாரு பெரியவரே நிக்க முடியும், நின்னா தள்ளிக்கினு போயிடுவாங்க என்றார்.

ராணியம்மாளிடம் காட்டினேன். பார்த்தாள். ஃபிளாஸ்கைப் பையில் போட்டாள்.

"அழிச்சிடுங்க. ஊட்டுக்குப் போலாம்."

நான் அழிக்கவில்லை. சுவர்... எட்டடிச் சுவர். 6.04க்கு மூன்றாவது படமும் எடுத்தேன். அதில் ஒருத்தரும் இல்லை. வெறும் ரோடு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கேமராவைப் பையில் வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டையும் அறிவுமதிக்குக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த ஆள் நிற்கிற படத்தைத்தான் எடுத்தாள்.

"இன்னொண்ணு வெறும் வித்தை சார். ரோட்ல யாருமே இல்லன்னு தெரியறதே இந்த ஒருத்தராலதான். யாரு இவரு?"

யாரோ சாமியார் என்றேன். நம் ஊரில் காவிச் சாமியார் உண்டு, வெள்ளைச் சாமியார் உண்டு. பச்சைச் சாமியாரைக் கேட்டதில்லை. அவளும் மேலே கேட்கவில்லை.

ஐப்பசியில் கண்காட்சி. எட்டடிச் சுவரில் என் படம். கீழே அட்டையில் 'பௌர்ணமியில் ஆளில்லாத பாதை - சக்கரவர்த்தி'. உலகமே வந்து பார்த்தது. சரி, நம் தாலுகா வந்தது. படத்துக்கு முன்னால் வந்ததும் ஜனம் பேச்சை நிறுத்திவிடும். அறிவுமதி அடுத்த வருஷத்துக்கும் ஒரு சுவர் தருவதாகச் சொன்னாள். நான் ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், 4.20க்கு, ஒரு அம்மா கோபமாக உள்ளே வந்தாள். பின்னால் ஒரு ஆள் மெதுவாக.

"யாரு இங்க போட்டோ புடிச்சவரு? எங்க ஊட்டுக்காரர் படத்த யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

நான் பின்னால் வந்தவரைப் பார்த்தேன்.

அதே முகம். அதே மீசை.

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள். அந்த அம்மா கன்னியம்மாள். அவர் இராமலிங்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். அக்கா பையன் யாரோ போனில் படத்தைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறான். இவர் ஜென்மத்தில் கிரிவலம் போனதில்லை, முட்டி வலி, எனக்குத் தெரியாமல் எப்போது போனார் என்று கன்னியம்மாள் சண்டைக்கு நின்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷர். சிரித்துக்கொண்டே ஆவணிப் பௌர்ணமி, 5.52 என்றேன்.

கன்னியம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு இவரு ஆஸ்பத்திரில சார். நெஞ்ச அறுத்து ஆபரேஷன்." குரல் இறங்கிவிட்டது. "ஆறு மணிக்கு டாக்டர் வெளிய வந்தாரு. நடுவுல நாலு நிமிஷம் நெஞ்சு நின்னு போச்சும்மா, அப்புறம் ஓடுச்சுன்னாரு."

திரும்பிப் படத்தைப் பார்த்தேன். பச்சை அங்கி, ஆபரேஷனுக்கு மாட்டிவிடுவது.

இராமலிங்கம் படத்துக்குக் கிட்டே போனார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் படித்தார். வெறும் ரோட்டைப் பார்த்தார்.

"ஆளில்லாத பாதைனு போட்டிருக்கீங்க," என்றார். "ஆளு இருந்துச்சே சார்."

"நடந்து போனவங்களா?"

"நடக்கறவங்க யாரும் இல்ல சார். எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. ரோடு ஃபுல்லா. உங்களுக்குப் பின்னால செகப்பு ஸ்டூல்ல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, அவங்களைச் சுத்தியும். கால் வைக்க எடம் இல்ல."

அந்த ஸ்டூல் படத்தில் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தது.

"எல்லாரும் அந்தப் பொட்டியவே பாத்துட்டு... மூச்சு விடாம. எனக்கும் சொன்னாங்க. போட்டோ எடுக்கறாரு, அசையாம நில்லுன்னாங்க. நின்னேன்."

"பயமா இல்லையா?"

யோசித்தார். "இல்ல சார். மரத்துப்போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்தவரு சொன்னாரு. நீ படத்துல விழுந்துட்டே, நீ கெளம்பு. நாங்க இன்னும் விழலன்னாரு."

கன்னியம்மாள் எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வாங்க போலாம், போதும். அவர் குழந்தை மாதிரி கூடப் போனார்.

வாசலில் நின்றார். திரும்பினார்.

"மறந்தே போயிட்டேன் சார். அங்க நின்னவங்க கேக்கச் சொன்னாங்க. அடுத்தது எப்பன்னு."

அடுத்தது எப்ப... வாழ்நாள் முழுக்க ஜனம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே பதில் சொல்லிப் பழகின வாய். அது தானாகச் சொல்லிவிட்டது.

"வர்ற பௌர்ணமிக்கு. அஞ்சு அம்பத்திரண்டு."

இராமலிங்கம் தலையாட்டினார். கன்னியம்மாள் முன்னால் படி இறங்கிப் போய்விட்டாள். வாசலில் வேறு யாரும் இல்லை. அவர் அந்த வெற்று இடத்தின் பக்கம் திரும்பினார். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"பௌர்ணமிக்காம்."