விபூதிப் பட்டை போட்ட கிடா

ஆட்டின் நெற்றியில் தினமும் விபூதிப் பட்டை போட்டுவிட்டால் அதன் கழுத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள் என்று பதின்மூன்று வயதுவரை நம்பிய முட்டாள் உலகத்தில் ஒருவன்தான் இருந்திருப்பான். அவன் நான்தான்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் குடியிருந்தது கல்கத்தாவில், காளிகாட் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். பலிக்கு நேர்ந்துகொண்ட கிடாக்களை ஆதிகங்கையில் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமத்தை அப்பி, எங்கள் வாசல் வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள். போகும், திரும்பி வராது. சிவப்பு வைத்த ஆடு போகிறது, ஆகவே வெள்ளை வைத்த ஆடு போகாது என்று நான் கணக்குப் போட்டேன். என் கணக்கு வாத்தியார் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்று. அந்தச் சந்தில் கிழடாகி, பல் விழுந்து, தானாகச் செத்த ஒரே கிடா எங்கள் வீட்டுக் கிடாதான். அதனால் என் கணக்கு தப்பு என்று வெகுகாலம் யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

அது எங்களிடம் வந்தபோது எனக்கு ஐந்து வயது. வந்த கதையைச் சித்தப்பா சொல்லிச் சொல்லித்தான் அறிவேன். அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு அதேபோல ஒரு நாற்காலியைப் பிடித்துவிடலாம் என்று சித்தப்பா கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். மறுநாளே அம்பாள் தரிசனம் என்று என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். புளியோதரை கிடைக்கும் என்ற நினைப்பு. கூட்டம் தள்ளிக்கொண்டுபோய் விட்ட இடமோ பலி முற்றம். சித்தப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்லோகம் சொன்னார். கண்ணைத் திறந்தபோது என்னைக் காணோம். வரிசையில் நின்ற ஒரு கறுப்புக் கிடாக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

சாதாரண அழுகை இல்லையாம். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். கிடாவை நேர்ந்துகொண்டு வந்த பக்தர் என் காலைப் பிடித்து இழுத்தார், சித்தப்பா இடுப்பைப் பிடித்து இழுத்தார், நான் குட்டியின் காதைப் பிடித்துத் தொங்கினேன். கடைசியில் பலி போடுகிறவரே வந்துவிட்டார். பெரிய ஆகிருதி, இடுப்பில் கயிறு அறுக்கும் ஒரு சின்னக் கத்தி. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். குட்டியைத் தூக்கி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, மேல்துண்டுக்குள் அணைத்துச் சமாதானப்படுத்தினார். பிறகு திரும்பி அதன் காதை விரித்துக் காட்டினார். நுனியிலிருந்து பாதிவரை பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அங்கம் பழுதான பிராணியைப் பலி கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. "காலையில நல்லாத்தானேய்யா இருந்துது" என்று பக்தர் கத்தினார். முற்றமே திரும்பி என்னைப் பார்த்ததாம். என்ன செய்வது, அவர் வாசலுக்குப் போய் வேறொரு கிடா வாங்கிவந்தார். அதைக் கட்டிக்கொண்டு அழ யாரும் வரவில்லை. காது பிளந்த குட்டி யாருக்கும் வேண்டாததாகி, சித்தப்பாவின் வேஷ்டியை மோந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்மா வாசலில் நின்று கேட்டாளாம்: "தரிசனத்துக்குப் போனேளா, சந்தைக்குப் போனேளா?"

"உங்க பிள்ளையோட கைவரிசை மன்னி. காதைக் கிழிச்சு வாங்கிண்டு வந்திருக்கான்."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'காது கிழிச்சவன்'.

நாலு நாள் இருக்கட்டும் என்றுதான் அம்மா மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்தாள். அந்த நாலு நாள் எட்டு வருஷம் ஓடியது. எனக்குத் தம்பி தங்கை கிடையாது. 'சின்னவன்' என்று அம்மா அதைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் 'பெரியவன்' என்ற பதவியே கிடைத்தது. சாப்பிட்ட இலைகளை அதற்குப் போடுவது என் வேலை. என் இலையில் நான் ஒதுக்கிய பாகற்காயை அது ஒதுக்காது. இதைவிட ஒரு அண்ணனுக்கு என்ன வேண்டும்? கொல்லையில் துளசியைத் தின்றது, அம்மாவின் மடிப்புடவையில் கால்முழம் தின்றது, சித்தப்பா முதல் சம்பளத்தில் வாங்கிய குடையின் பிடியைத் தின்ன முயன்றது. வயது வந்ததும் நாற்றம் ஒன்று கிளம்பிற்று பாருங்கள், டாலிகஞ்ச் டிராமில் ஏறிய பிறகும் அப்பாவின் கோட்டு வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டே போகும். யாரும் அதை விரட்டவில்லை. வங்காளத்தில் கிடாவுக்குப் 'பாட்டா' என்று பேர். முட்டாளைத் திட்டுவதும் அதே வார்த்தையால்தான். தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் நாங்கள் இருவருமே திரும்பிப் பார்ப்போம்.

எதிர்வீட்டில் ஒரு மேஷோ இருந்தார். அங்கே அண்டைவீட்டுக்காரர்களையெல்லாம் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேஷோ என்றால் சித்தப்பா முறை. அவர் தினமும் சின்னவனைத் தடவிக் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே, "இந்தப் பூஜைக்குப் பத்து சேர் கறி தேறும்" என்பார். அடுத்த வருஷம், "பன்னிரண்டு." கோயில் பிரசாதக் கறியை வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைப்பதால் அது சைவம்தான் என்று அம்மாவுக்கே எடுத்துச் சொன்ன மனிதர் அவர். அம்மா அன்று முழுக்க எதிர்வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை.

ஆனால் நான் பயந்தது மேஷோவுக்கு இல்லை. பலி போடுகிறவர் எங்கள் சந்து வழியாகத்தான் கோயிலுக்குப் போவார். ஊரார் அவரை ஜேட்டா, அதாவது பெரியப்பா, என்று கூப்பிட்டார்கள். அவர் தலை தெரிந்ததும் சின்னவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவது என் தினசரிக் கடமை. அந்த மடையனோ அவரைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஏனென்றால் அவர் கையில் எப்போதும் பலா இலைக் கொத்து ஒன்று இருக்கும். எங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு இலையாகக் கொடுப்பார், போவார். பேச்சு கிடையாது. 'கொழுக்க வைக்கிறார்' என்று நான் புரிந்துகொண்டேன். அவர் கால் ஒடியட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டு, சின்னவன் நெற்றியில் இன்னொரு பட்டை போடுவேன். பிள்ளையார் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிவருகிறேன்.

காது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சின்னவன் அந்தப் பிளந்த காதை ஓயாமல் உதறும். "பாவம்டா, உன் கைதானே" என்று அம்மா விளையாட்டாகத்தான் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே போய் அந்தக் காதில் மெல்ல ஊதிவிடுவேன். கிழிந்தபோது இதற்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருக்கும். யாரைக் கேட்பது? தெரிந்த ஒரே ஆள் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

துர்கா பூஜை முடிந்த ஐப்பசியில் சின்னவன் இலையைத் தொடுவதை நிறுத்தியது. பாகற்காய் வைத்துப் பார்த்தேன், பாயசம் சிந்திய இலையை வைத்துப் பார்த்தேன். என் கையை மட்டும் நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு நாள் விடிந்து நான் விபூதியோடு போனபோது நெற்றி சில்லிட்டிருந்தது.

அப்பா முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லியனுப்பினார். செத்த மாடு, நாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டும் வண்டி அது.

"வண்டி கூடாது. கர்மா பண்ணணும்" என்றேன்.

"ஆட்டுக்கு என்ன கோத்ரம்டா?"

"நம்மாத்து இலையிலதானே எட்டு வருஷமா சாப்பிட்டான். நம்ம கோத்ரம்தான்."

"டிராமுக்கு நாழியாச்சு" என்று அப்பா கோட்டை மாட்டிக்கொண்டார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை, அங்கேயே நின்றார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது. மேஷோ ஓடிவந்தார். சின்னவனைத் தடவினார், பழக்கதோஷத்தில் "பதினாறு சேர்" என்றார், அடுத்த மூச்சில் ஓவென்று அழுதுவிட்டார். அந்த அழுகையை அன்று நான் சந்தேகித்தேன். இப்போது சந்தேகிக்கவில்லை.

வண்டிக்காரன் கொக்கியோடு உள்ளே வந்ததும் நான் சின்னவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். மீசை அரும்பப்போகிற பையன், ஐந்து வயதில் செய்ததையே மறுபடியும் செய்தேன். வண்டிக்காரன் காலைப் பிடித்தான், சித்தப்பா இடுப்பைப் பிடித்தார். அப்போது வாசல் இருட்டிற்று. பலா இலைக் கொத்தோடு ஜேட்டா நின்றுகொண்டிருந்தார்.

"கிட்ட வராதே" என்று நான் அலறினேன். பெரியவர், சின்னவர் என்று மரியாதை பார்க்கும் நிலையில் நான் இல்லை.

அவர் வந்தார். குந்தி உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்தக் கைகளை என் விரல்கள் எப்படியோ ஞாபகம் வைத்திருந்தன. இறுக்கம் தானாக விட்டுப்போயிற்று. வண்டிக்காரனை ஒரு தலையசைப்பில் அனுப்பிவிட்டுச் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, "என் இடத்தில் வைக்கிறேன், பாபு" என்றார். அப்பா கைகூப்பினார். கல்கத்தாவில் அவர் வெள்ளைக்காரர்களுக்குச் சலாம் வைத்துப் பார்த்திருக்கிறேன். கைகூப்பிப் பார்த்தது அன்றுதான்.

விபூதிச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஆதிகங்கைக் கரையில் அவருடைய குடிசை. அதன் பின்னால் ஒரு பலா மரம், கைக்கெட்டுகிற கிளைகளெல்லாம் மொட்டையாக. எட்டு வருஷத்து இலையும் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். அதன் அடியில் அவரே குழி வெட்டினார். சின்னவனை இறக்கி, பலா இலைகளைப் பரப்பினார். நான் மூன்று பட்டை போட்டேன்.

"தினமும் இது எதுக்கு?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க வெட்டாம இருக்க."

வங்காள மொழியில் சொன்னதாலோ என்னவோ, அது இன்னும் அசட்டுத்தனமாக ஒலித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பட்டைகளைப் பார்த்து, "நல்ல காவல்தான்" என்றார்.

மண் தள்ளுவதற்கு முன் குனிந்து, அந்தப் பிளந்த காதின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. காதை நான்தான் கிழித்தேன் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள் என்றேன். அன்றைக்கு அதற்கு ரொம்ப வலித்ததா, நீங்கள்தானே பக்கத்தில் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் பதிலில் எனக்கு வேண்டியிருந்தது முதல் வார்த்தை ஒன்றுதான். எட்டு வருஷத்துப் பாரம் அதில் இறங்கிவிட, மீதி வார்த்தைகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். எனக்கு ஒரு தம்பியைக் கொடுத்தவர் யார் என்பது அந்த மீதியில் இருந்தது. அது என் மண்டையில் இறங்கியபோது எனக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். கைகூப்பலாம் என்று போனால் பலா மரம் மட்டும் இருந்தது, கீழ்க்கிளைகளெல்லாம் நிறைய இலையோடு.

இடுப்புக் கத்தியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னது இதுதான்:

"வலிக்கல, அன்னைக்குக் காலையிலதான் தீட்டியிருந்தேன்."