மரக்காணத்தில் மூடி வைத்த சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் போய் வந்தேன். போகாமலேயே இருந்திருக்கலாம்... இல்லை, போனது தப்பில்லை. போன இடத்தில் வாயைத் திறந்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

கூப்பிட்டது செல்வி. திண்டிவனத்தில் ஒரே ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலி. மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துக்காரி. போன வருஷம்தான் ஊர்ப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

நானோ செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எங்கள் சமணக் குடும்பங்களில் மீன், முட்டை வாசலைத் தாண்டி உள்ளே வராது. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. பொழுது சாய்ந்தால் சாப்பாடும் கிடையாது. ஆபீஸில் என் டிபன் டப்பாவில் செல்வி உரிமையாகக் கை வைப்பாள். அவள் டப்பாவில் நான்? ஒரு நாளும் இல்லை. வயிறு சரியில்லை, இன்னைக்கு விரதம்... எத்தனை சாக்கு! அவளும் அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மீன் குழம்பு கொண்டுவந்ததில்லை. அது எனக்காகத்தான் என்று இந்த மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு மரக்காணத்தைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஆரில் சீறிக்கொண்டு போகும் கார்கள் குறைவு. உப்பளத்தில் இன்னும் மழைத்தண்ணி நிற்கிறது, வேலை ஆரம்பிக்கவில்லை. ஒரு காலத்தில் கப்பல் வந்து போன ஊராம். இப்போது கடற்கரையில் நான், செல்வி, ரெண்டு நாய்... அவ்வளவுதான் கூட்டம்.

சோழர் காலத்துச் சிவன் கோயிலில் சுவர் பூராவும் கல்வெட்டு. நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நிற்கிறேன். செல்விக்கு நிலைகொள்ளவில்லை.

"ஜல்தி வாங்கக்கா. அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்."

"ஏன் செல்வி, வீட்டுல எதாச்சும் வேலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வாங்க, சொல்றேன்."

நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் இழுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... அவள் வீட்டுக்குப் போவதில் எனக்கு உள்ளூர ஒரு உதறல். தெருவில் நுழையும்போதே கருவாட்டு வாசனை. எந்தச் சட்டியில் ஆக்கியிருப்பாளோ, எந்தக் கரண்டியால் கிண்டியிருப்பாளோ என்று மனசு அதிலேயே சுற்றுகிறது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் செல்வி, "கை கழுவுங்கக்கா, சாப்பிடலாம்" என்றாள்.

"ஐயோ, வேணாம் செல்வி! வர்ற வழியில ஓட்டல்ல மூக்கு முட்டச் சாப்பிட்டேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு."

பச்சைப் பொய். காலையில் தின்ற ரெண்டு இட்லியோடு வந்தவள் நான். குடல் கத்திக்கொண்டிருந்தது.

"ஒரு வாய் கூடவாக்கா?"

"ஒரு பருக்கை கூட எறங்காது."

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். நல்லவேளை தப்பித்தோம் என்று நான் பழைய ஆபீஸ் கதைகளை ஆரம்பித்தேன். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு அவள் வீட்டுக்காரர் வந்தார். கடலுக்குப் போகிறவர். வந்ததும் வராததுமாக, "இன்னாக்கா, சாப்பாடு எப்படி? ரெண்டு நாளா வூட்டையே ரெண்டாக்கிட்டா. அக்கா வர்றாங்கன்னு மீனே ஆக்க வுடல. எனக்குத் துண்டு கருவாடு கூடக் கெடையாது! புது குண்டான், புது கரண்டி, புது ஸ்டவ்வு. வெங்காயம் பூண்டக் கண்ணுல காட்டல. பொழுதுக்குள்ள அக்கா சாப்பிடணும்னு மதியமே ஆக்கி மூடி வெச்சிட்டுத்தான் உங்கள இட்டாற பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த 'ஜல்தி வாங்கக்கா' எதற்காம்? என் சாப்பாட்டுக்கு. என் விரதத்துக்கு!

"செல்வி... போடு, சாப்பிடறேன்."

"வாணாம்க்கா. இருட்டிப் போச்சி."

"பரவாயில்ல, ஒரு நாள்தானே..."

"எனக்காக நீங்க வழக்கத்த விட வாணாம்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அக்கறையாகச் சொன்னாள். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும் — அவள் 'வாணாம்' என்றதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். திண்டிவனம் வரைக்கும் பசி, வெட்கம், ரெண்டும் மாறி மாறிப் பிடுங்கின. மீன் வாசனைக்குப் பயந்தவளுக்குப் பொய் வாசனை ஏன் அடிக்கவில்லை? உயிரைக் கொல்லாதே என்று சொல்கிற அதே தர்மம்தானே பொய் சொல்லாதே என்றும் சொல்கிறது? நமக்கு வசதியானதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வசதிப்படாததைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம். அன்றைக்கு அந்த வீட்டில் என் சமயத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் செல்விதான்.

புதன்கிழமை போன் பண்ணினேன். நல்லபடியாகத்தான் பேசினாள். பிள்ளைகள் படிப்பு, என் முழங்கால் வலி எல்லாம் விசாரித்தாள். ஆனால் போனை வைக்கும்போது, "எப்பக்கா வீட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்பாளே... மாற்றலாகிப் போன நாளிலிருந்து ஒரு தடவையும் அதைக் கேட்காமல் வைத்ததில்லை. இந்தத் தடவை கேட்கவில்லை.

கேட்க மாட்டாள். இனிமேல் அவள் கூப்பிடாமலேயே நான்தான் போய் நிற்க வேண்டும்.

நாளைக்குப் போகிறேன். சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானத்துக்குள். பச்சைத்தண்ணி பல்லில் படாமல்!