கடலில் விட்டதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கியிருக்கிறேன். பேனாவைத் திறப்பேன்... ஒரு பெண்ணின் முகம் கண் முன்னால் வரும்... மூடிவிடுவேன். அந்த வாரம் ரசப்பொடியைப் பற்றியோ, கரண்ட் போனதைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். ஆசிரியருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. முருகனுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தத் தயக்கம் உடைந்தது.

பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தர் கூடவே நடந்து வந்தார்.

"பழைய கம்ப்யூட்டர எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டோம்மா. புதுசு வந்துடுச்சு."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"எம் புள்ள எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டான். அவ்ளோதான?"

அவ்வளவுதானா? எனக்கு எத்தனையாவது சுற்று என்பதே மறந்துபோனது.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் வரன் பார்த்துச் சொல்வேன் — பழைய வாசகர்களுக்குத் தெரியும். தொழில் இல்லை, வேண்டுதல். என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் மற்ற பெண்களுக்காகவும் ஓடுகிறேன் என்று சாமியிடம் சொல்லியிருந்தேன். நான் கேட்டதை அவர் செய்தார். நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாம் பேப்பர் ஜாதகம்தான். கல்யாணம் முடிந்த பிறகு வீட்டில் தங்கிவிடும் ஜாதகத்தை என்ன செய்வது? மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் நட்சத்திரமும் ராசியும் உள்ளே. அதைக் கிழித்துக் குப்பையில் போடக் கை வருமா? மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கடலில் விட்டுவிடுவேன். விட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சாமி படம் போட்ட பழைய காலண்டருக்கும் எங்கள் வீட்டில் அதே மரியாதைதான்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஜாதகம் ஸ்கேனாக வந்தது, போட்டோ சி.டி.யில் வந்தது. வரன் முடிந்த ஒன்றை அழிக்கலாம் என்று முதன்முதலாக உட்கார்ந்தேன். டெலிட் பட்டனை அழுத்தினால் குப்பைத் தொட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறது! பிள்ளையார் சுழியையா? குப்பைக்கா? கையை எடுத்துவிட்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒரு போல்டர் திறந்தேன். 'கடல்' என்று பெயர் வைத்தேன். முடிந்த ஜாதகங்களை, போட்டோக்களை அதில் தள்ளினேன். 'நல்லா வாழணும் முருகா' என்று சொல்லி மூடினேன். அதோடு மனசிலிருந்தும் போய்விட்டது. கடலில் விட்டதை யாராவது மறுபடி எண்ணிப் பார்ப்பார்களா?

இப்போது அந்தப் பெண்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த குடும்பம். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, சில மாதத்திலேயே முறிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு வேறொரு குடும்பம் இருந்தது தெரிந்ததும் இவள் கிளம்பி வந்துவிட்டாள். கோர்ட்டில் பிரிந்தாயிற்று. அவள் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

அவள் அப்பா என்னிடம் ஒரு சி.டி. கொடுத்தார். முதல் கல்யாணத்து ஆல்பம் முழுசும் அதில் இருந்தது.

"இதுலதாம்மா அவ சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ கீது. அவள மட்டும் வெட்டி எடுத்துக்குங்க."

வெட்டி எடுத்தேன். பக்கத்தில் மாலையோடு நின்றவனின் தோள்பட்டை கொஞ்சம் வந்துவிட்டது, அதையும் ஒதுக்கினேன். ஆனால் பிரான்சிலிருந்து வந்திருந்த பையன் வீட்டாரிடம் போட்டோவைக் காட்டுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கு எதுக்கும்மா?"

நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது. பையன் பிரான்ஸ் திரும்பினான். விசா வரும்வரை அவள் மாமியார் வீட்டில் இருந்தாள். அந்த மாமியார் வீடு எங்கே? பிள்ளைச்சாவடியில். என் நாத்தனார் வீட்டுக்கு எதிர்வீடு!

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா. மனசு தங்கம். காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால்... மீன் கூடை தெருவுக்குள் வருவதற்கு முன்னால் விஷயம் போய்விடும்.

அந்தச் சமயத்தில் எங்கள் பழைய கம்ப்யூட்டரை அவருக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தோம். அவர் மகன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் வியாழக்கிழமைதான், யார் வீட்டு விஷயமாவது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எனக்குப் பயம் தட்டியது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

"டெலிட் பண்ணா போயிடும்ல பாய்?"

"டெலிட் பண்றதுன்னா வாசல்ல இருக்கற பேர்ப்பலகைய கழட்டுற மாதிரிக்கா. பேரு இருக்காது. வீடு அப்படியே நிக்கும். தெரிஞ்சவன் உள்ள பூந்துடுவான்."

"பார்மட் பண்ணிட்டா?"

"அதுவும் முக்காவாசி அப்படித்தான். திரும்ப விண்டோஸ் போட உங்ககிட்ட சி.டி. இருக்குதா?"

இல்லை. பார்மட் பண்ணினால் தமிழ் எழுத்துகளும் போய்விடும்; அதைப் போட்டுத் தந்தவர் ஊரை விட்டே போய்விட்டார். பாய் ஒரு சி.டி.யில் மூன்று சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். மூன்றும் காசில்லாதவை. "மூணையும் போடுங்கக்கா, மூணுக்கும் வேற வேற வேலை" என்றார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

முதலாவது பெருக்கித் தள்ளுகிற சாப்ட்வேர். இன்டர்நெட் பார்த்த மிச்சம், எப்போதோ போட்ட சாப்ட்வேர்களின் சிதறல், குப்பைத் தொட்டி — எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டது. வேகமோ வேகம். காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, இவ்வளவு இடம் மிச்சம் என்று பெருமையாகக் காட்டியது. ஆனால் நாமாகச் சேர்த்து வைத்ததை அது தொடாது. நல்ல வேலைக்காரியைப் போல, பீரோவுக்குள் கை வைக்காது.

மூன்றாவது மெழுகுகிற சாப்ட்வேர். காலியாக இருக்கும் இடத்தின் மேல் வேறு எதையெதையோ எழுதி எழுதி, முன்னால் இருந்ததைத் தெரியாமல் பண்ணிவிடும். எத்தனை தடவை என்று கேட்டது. முப்பத்தைந்து வரை போகிறது! சாமிக்குச் செய்வதுபோல் மூன்று என்று அழுத்தினேன். மாட்டுவண்டி வேகம். ஓடவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். நிம்மதியான தூக்கம்.

இரண்டாவது? அதைப் போடவே இல்லை. அது எதையும் அழிக்காதாம். எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று படம் மட்டும் காட்டுமாம். படம் பார்க்கவா நேரம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை முடித்து, விபூதியைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கீற்று வைத்தேன். போகிற இடத்தில் நன்றாக உழைக்கட்டும். சும்மா ஒரு தடவை பார்த்தேன். டிஸ்க்கில் பாதிக்கு மேல் இன்னும் நிரம்பியே இருக்கிறது! இத்தனை கூட்டி மெழுகிய வீட்டில் என்ன இருக்கிறது?

பாய்க்குப் போன் போட்டேன்.

"ரெண்டாவதப் போட்டீங்களாக்கா?"

போட்டேன். கட்டம் கட்டமாக, கலர் கலராகப் படம் வந்தது. நடுவில் நீல நிறத்தில் ஒரு பெரிய கட்டம், திரையில் பாதியை அடைத்துக்கொண்டு. அம்புக்குறியை அதன் மேல் வைத்தேன்.

கடல்.

விட்டதோடு மறந்தே போயிருந்தேன். திறந்தால் எத்தனையோ பெண்களின் ஜாதகம். அதற்குள் அந்த ஆல்பம். மாலையும் கழுத்துமாக அவள், பக்கத்தில் அவன். ஒன்றுகூட அசையவில்லை. ராத்திரி முழுக்க அந்த மூன்றாவது சாப்ட்வேர் காலி இடத்தைத்தான் மெழுகியிருக்கிறது. சாமான் நிற்கிற இடத்தை எப்படி மெழுகும்?

இந்த போல்டரோடு மிஷின் பிள்ளைச்சாவடி போயிருந்தால்... எதிர்வீட்டு மருமகளை என் நாத்தனாருக்கு அடையாளம் தெரியாதா?

"ஏங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் சவரம் பாதியில் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உடனே அழி."

"பிள்ளையார் சுழி போட்டது எல்லாம் இருக்குதுங்க..."

"பிள்ளையாரு இன்னா, அந்தப் பொண்ணு மானம் போவட்டும், எஞ் சுழி நிக்கட்டும்னா சொல்லுவாரு? அழிம்மா!"

முப்பது வருஷத்தில் அவர் சொன்னதிலேயே பெரிய பேச்சு அதுதான். கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மறுபடி மூன்றாவது சாப்ட்வேரைத் திறந்து பாயைப் போனில் கேட்டேன்.

"எத்தினி சுத்து பாய்?"

"ஒன்னு போதும்க்கா. நாத்தனார் வூட்டுக்குத்தான போவுது, ராணுவத்துக்கா போவுது?"

"எங்க நாத்தனார உனக்குத் தெரியாது பாய்" என்று சொல்லிவிட்டு ஒன்றை அழுத்தினேன். பச்சைக் கோடு எறும்பு போல நகர ஆரம்பித்தது. வாசலில் ஹாரன் சத்தம். சின்ன யானை லோடு வண்டி. நாத்தனார் இறங்குகிறார்!

"இன்னாம்மா, ரெடியா? புள்ள காலேஜ்லேர்ந்து வர்றதுக்குள்ள கொண்டுபோய் வச்சுடணும்."

"கொஞ்சம் வேலை ஓடுது அண்ணி..."

"அத அங்க போய் ஓட்டிக்கலாம். ஒயர உருவு. டேய் தம்பி, அந்தப் பக்கம் புடி" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

உருவினால் பாதி மெழுகியது, பாதி மெழுகாதது. பொய் சொல்லவும் வரவில்லை — வெள்ளிக்கிழமை வேறு. காலண்டர் பக்கம் கண் போனது. முருகன்தான் கண்ணைத் திருப்பினான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"அண்ணி, இப்பக் கிளம்பினா வழியிலயே ராகு காலம் வந்துடுமே. படிக்கிற புள்ளைக்குப் போற பொருளு..."

ஒயரைத் தொட்ட கை அப்படியே நின்றது.

"அய்யய்யோ. நல்லவேளை சொன்ன." வண்டிக்காரரைப் பார்த்து, "யப்பா, ராகு காலம் முடிஞ்சிதான் எடுக்கறது. நீ போய் டீ குடி" என்றார்.

ராகு காலத்துக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நாத்தனார் கம்ப்யூட்டர் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பச்சைக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாதான் பண்ணுது இது?"

"சுத்தம் பண்ணுது அண்ணி."

"அதான் நேத்தே தொடச்சேன்னியே?"

"அது வெளிய. இது உள்ள."

கோடு கடைசி வரை வந்து நின்றபோது ராகு காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜும்மா தொழுகைக்குப் போகும் வழியில் பாயும் வந்துவிட்டார், வெள்ளைத் தொப்பியோடு. அழித்ததை மீட்டெடுக்கும் சாப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். என் நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

வரிசையாகச் சில பெயர்கள் வந்தன. அர்த்தமில்லாத எழுத்துகள். பாய் ஒவ்வொன்றாகத் திறந்தார். வெறும் புள்ளி. கோடு. ஒன்றுமில்லை. ஒரு முகம் இல்லை, ஒரு கட்டம் இல்லை.

"இன்னாத்தத் தேடுறீங்க ரெண்டு பேரும்?" என்றார் நாத்தனார்.

"ஒன்னும் இல்லன்னுதாம்மா தேடுறோம்" என்றார் பாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய மிஷினைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து நாத்தனார் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "வாராவாரம் வந்து பாரும்மா" என்றார். சொன்னேனே, மனசு தங்கம்.

எந்த சாப்ட்வேர் நல்லது என்று என்னைக் கேட்டால், வேகத்துக்கு முதலாவது, நிம்மதிக்கு மூன்றாவது. ஆனால் என்னைக் காப்பாற்றியது எதையுமே அழிக்காத அந்த இரண்டாவதுதான். நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அழிப்பது அப்புறம். கடைசியில் மெழுகுவது. நான் தலைகீழாகச் செய்தேன்.

கோயிலிலிருந்து வந்த மறுநாள் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன், லீவுக்கு வந்திருந்தாள். மடியில் ஒரு குட்டிப் பாப்பா. இதுவரை அவளிடம் சொல்லாததையெல்லாம் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன். பாப்பாவின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்தப் போட்டோவுல பொடவ நல்லா இருந்துச்சுல்லக்கா?" என்றாள். "அந்த ஒன்னுலதான் நானும் நல்லா இருந்தேன். அதையும் சேத்தா அழிச்சீங்க?"

"திரும்ப எடுக்கவே முடியாதும்மா."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். வெட்டி ஒதுக்க ஒன்றும் இல்லாத சிரிப்பு. "எழுதுங்க. வேற எந்தப் பொண்ணு வீட்டு போட்டோவாவது தப்பிக்கும். ஆனா உள்ளத உள்ளபடி எழுதுங்கக்கா."

எழுதிவிட்டேன். நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள் — உள்ளது உள்ளபடி. பார்ப்பதை விட்டுவிட்டு மெழுகுவதை மட்டும் சொன்னால் கேட்பவர் என்னைப் போல மாட்டிக்கொள்வார். மெழுகுவதை விட்டுவிட்டு அழிப்பதை மட்டும் சொன்னால் கோயிலில் பார்த்த அந்த அம்மாவைப் போல நிம்மதியாக இருந்துவிடுவார்.

சொல்லி முடித்ததும் கட்டாயம் கேட்பார்கள், 'யாரு அந்தப் பொண்ணு?' என்று. மெழுகியாகிவிட்டது என்று சொல்லுங்கள்.